வர்ஜீனியாவுக்குப் போனவனின் மனைவி

எண்பதுகளின் கடைசியில், லண்டனில் பழைய பதிவேடுகளை வைத்திருந்த ஒரு வாசிப்பறையில் கட்டுகளை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. அங்கே வந்த ஒரு அமெரிக்கருக்கு அறுபது வயதிருக்கும். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரமாட்டார். ஒரு பக்கம் படித்ததும் யன்னல்வரை நடந்து திரும்புவார்.

முந்நூறு வருடங்களுக்கு முன்பு, கப்பல் செலவுக்காக ஏழு வருடம் கூலியில்லாமல் உழைப்பதாக எழுதிக்கொடுத்து, வர்ஜீனியாப் புகையிலைத் தோட்டத்துக்குப் போன தன் மூதாதையை அவர் தேடினார். அந்த மனிதன் அங்கே கல்யாணம் செய்து, நிலம் வாங்கிப் பெருகிய கதை அவருக்கு மனப்பாடம்.

ஒரு நாள் தேவாலய அடக்கப் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். மூதாதையின் பெயரைப் போட்டு, ‘வர்ஜீனியாவுக்குப் போனவனின் மனைவி’ என்று எழுதியிருந்தது. அவள் பெயர் இல்லை. அவன் போய் இருபது வருடங்களுக்குப் பிறகு இறந்திருக்கிறாள்.

“இப்படி ஒருத்தி இங்கே இருந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது,” என்றார். எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். “உங்களுக்குக் கல்யாணமாகிவிட்டதா?”

“ஓம். மனிசி மன்னாரில இருக்கிறா.”

“எப்போது வருவார்?”

“விசா கிடைக்கவேணும்.”

தலையாட்டிவிட்டு யன்னலுக்குப் போனார். மூன்று வருடமாக நான் விண்ணப்பமே போடவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் லீவு போட்டுப் படிவம் வாங்கப் போனேன். திரும்பி வேலைக்கு வந்தபோது அவர் இல்லை. அவளுடைய கல்லறையைத் தேடிப் போனாரோ, விமானம் ஏறிவிட்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.