தண்ணிப்பால்காரி

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பால் நிறுக்கும் ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்த வாரம். ஒரு நாள் விடியலில் தூறல் போட்டது. மரத்தில் பால் வடியக் கட்டிய மங்குகளில் மழைத்தண்ணீர் விழுந்து எல்லோர் பாலும் நீர்த்துவிட்டது. பால் எவ்வளவு கெட்டி என்று பார்க்க, தோட்டத்துக் கணக்கரான கிராணியார் கண்ணாடி மிதவையை முதலில் விட்டது பால்வெட்டும் முனியம்மா அக்காவின் வாளியில். அவளுக்குப் பிடித்தது சனி.

"தண்ணி ஊத்திருக்கா! எடைக்கூலின்னதும் புத்தி எங்க போவுது பாரு!"

"மழைத்தண்ணிங்கய்யா. மத்தவங்க வாளியையும் பாருங்க."

பார்க்கவில்லை. அன்றிலிருந்து அக்காவுக்குத் தண்ணிப்பால்காரி என்று பெயர்.

தினமும் அவள் வாளியில் மட்டும்தான் மிதவை இறங்கும். மற்றவர்களைச் சோதிக்கக் கிராணியாருக்குச் சோம்பல். அது தெரிந்ததும் மற்றப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலக்க ஆரம்பித்தார்கள். அக்காவின் பால் கெட்டியாகவே இருக்கும். ஆனால் எல்லாப் பாலும் சேரும் பெரிய தொட்டியில் நீர்த்துக் கிடக்கும்.

"நமக்குத் தெரியாம வாளிய மாத்திட்டா. பலே கில்லாடி" என்பார் கிராணியார்.

"மத்த வாளியையும் பாத்திருவோமேய்யா" என்று ஒருமுறை சொன்னேன்.

"ஒன் வேலையப் பாருடா!" என்று எரிந்து விழுந்தார்.

அந்தப் பெயரால், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அவள் மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தமும் முறிந்தது.

ஒரு நாள் கிராணியார், "வாடியம்மா தண்ணிப்பால்காரி" என்று கூப்பிட்டார். அக்கா வாளியை இறக்கினாள். ஓரத்து லோங்காங் சாக்கடையில் ஓடிய தண்ணீரைக் குவளையில் மொண்டு, எல்லோர் கண்ணெதிரிலும் பாலில் ஊற்றினாள்.

"பாத்தீங்களா! நான் அப்பவே சொல்லல?" கிராணியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அன்றைக்கே வேலை போனது, லயத்து வீடும் போனது. மூட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "ஏங்க்கா இப்படிப் பண்ணே?" என்று கேட்டேன்.

"இத்தன நாளு ஊத்தலன்னேன், ஒருத்தரும் நம்பல. இன்னைக்கி ஊத்தினேன். இதையாச்சும் நம்புனாங்கல்ல, தம்பி."

மேற்பார்வை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சோதிப்பதானால் எல்லோரையும் சோதியுங்கள். ஒருத்தியை மட்டும் கள்ளி என்று ஒதுக்கினால் அவளையும் கெடுப்பீர்கள், மற்றவர்களையும் கெடுப்பீர்கள். என் கிராணியாருக்கு இது கடைசிவரை மண்டையில் ஏறவில்லை.

மறுநாளும் தொட்டிப்பால் நீர்த்துத்தான் இருந்தது. கிராணியார் மிதவையோடு வெளியே வந்து, வரிசையில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுத்த தண்ணிப்பால்காரியைத் தேடினார்.