மணப்பெண்ணின் அம்மா

சிங்கப்பூர் ஃபேரர் பார்க் வட்டாரத்து மண்டபம் ஒன்றில் நாங்கள் இலவசமாக நடத்தும் நடிப்பு விளையாட்டுக்கு மேடையும் கிடையாது, வசனமும் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம். ஏற்றுக்கொண்ட பாத்திரமாகவே மாலைவரை வாழ வேண்டும். அன்றைய கதை கல்யாண வீடு. சக்கர நாற்காலியில் வந்த குமார் மாப்பிள்ளை, பிரியா மணப்பெண். முதல்முறை வந்த மேரி அக்கா, பெண்ணின் அம்மா பாத்திரத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். பிரியாவைத் திட்டித் திட்டிக் கேசரி ஊட்டினார். என்னமாய் நடிக்கிறார் என்று வியந்தேன்.

முடிவில் எல்லோரும் உடையில் குத்தியிருக்கும் பாத்திரத்தின் பெயர் அட்டையைக் கழற்றி, சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். மேரி அக்கா அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, கேம் முடிஞ்சிருச்சு லா," என்றேன் சிரித்தபடி.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் தம்பி. என் பொண்ணு கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடல."

பிரியா, கழற்றிய அட்டையை மறுபடி குத்திக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?"

அவள் கன்னத்தைத் தடவிவிட்டு, மேரி அக்கா தன் அட்டையைக் கழற்றினார். "போதும்மா. நீ கிளம்பு, உங்கம்மா தேடுவாங்க." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் மேரி."

வழக்கமாக அப்போது கைதட்டுவோம். அன்று யாருக்கும் கை எழவில்லை.

எல்லோரையும் அவரவர் வாழ்க்கைக்குப் பத்திரமாகத் திருப்பி அனுப்பத்தான் சொந்தப் பெயரைச் சொல்லும் அந்த வழக்கத்தை வைத்தேன். மேரி அக்காவை எங்கே திருப்பி அனுப்பினேன் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.