என் மைக்கில் கேட்ட இருமல்

போன வருடம் மழை விட்டு, பனி ஆரம்பித்த நேரம் அது. கேஜிஎஃப் என்கிற கர்நாடகத்துக் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் பகுதியில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டு முன்னறையில், ஜன்னலோரம் போட்ட மேஜையில்தான் எல்லாம் நடந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை, யாரும் எனக்குத் தீங்கு செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் அந்த விளையாட்டைத்தான் திட்டுகிறார்கள். விளையாட்டின் மேல் தப்பு இல்லை.

எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பெங்களூரில் ஒரு கம்பெனியில், வாடிக்கையாளர் புகாரைப் போனில் கேட்கிற வேலை. வாரத்தில் சில நாள் ரயிலில் போய் வருவேன், மற்ற நாட்களில் வீட்டு மேஜையிலேயே வேலை. காலையிலிருந்து யாராவது என்னைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். நான் "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். இயல்பில் நான் மன்னிப்புக் கேட்கிற ஆளே இல்லை. அம்மா போனபிறகு வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியபிறகு பெங்களூரில் ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேனாக இருந்துவிட்டு, இப்போது வீட்டில் இருக்கிறார்.

கூட வேலை செய்கிற ஒருவன்தான் இந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னான். கணினியில் ராணுவம் போலவே நடத்துகிற குழு. மில்சிம் என்பார்கள். முழுக்கத் தமிழ் பேசுகிறவர்கள். ஆளுக்கு ஒரு ஊரில் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒரே படையாக வரைபடத்தில் நடப்பார்கள். ஒருமுறை செத்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுபடி உயிர் வராது. நன்றாகக் கத்தலாம், சுடலாம், மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சேர்ந்தேன்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே கத்தவே விட மாட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள். யாரைக் கூப்பிடுகிறாய், நீ யார், என்ன பார்த்தாய், எந்தத் திசையில். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பேசியே சம்பளம் வாங்குகிறவளுக்குப் பேசக் கற்றுத் தருகிறார்களாம் என்று எனக்கு எரிச்சல். முதல் நாள் என் முறை வந்ததும் பழக்கதோஷத்தில், "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று தொடங்கிவிட்டேன். லைனில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"அக்கா, எதிரிக்கும் டோக்கன் நம்பர் குடுத்துருங்க" என்றான் ஒருவன்.

எங்கள் பிரிவுக்குத் தலைவன் திருப்பூர்க்காரன், என்னைவிடச் சின்னவன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "மறுபடி சொல்லுங்க அக்கா" என்றான். மறுபடி சொன்னேன். அன்றைக்கு அவன் அதை எத்தனை தடவை சொல்ல வைத்தான் என்று கணக்கே இல்லை. எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

என் கணினியில் இன்னொரு சிக்கல் இருந்தது. மற்றவர்கள் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு பேசுவார்கள், விட்டால் மைக் மூடிக்கொள்ளும். என் பழைய கீபோர்டில் அந்தப் பட்டன் சரியாக வேலை செய்யவில்லை. அதனால் சத்தம் கேட்டால் மைக் தானே திறந்துகொள்ளும்படி வைத்திருந்தேன். நான் பேசினாலும் திறக்கும். பின்னால் கட்டிலில் அப்பா இருமினாலும் திறக்கும்.

அப்பாவின் இருமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சுரங்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இருமுவார்கள். கல் தூசி நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது, அது எழுந்து போகாது. லைன் வீடுகளுக்கு நடுவில் பொதுச்சுவர். இந்தப் பக்கம் ஒருவர் இருமினால் அந்தப் பக்கம் இன்னொருவர் இருமுவார். நான் பிறந்ததிலிருந்து இந்தச் சத்தத்தில்தான் படித்தேன், தூங்கினேன். ஃபேன் ஓடுகிற சத்தம் காதில் விழுவதில்லையே, அது மாதிரி. நாங்கள் யாரும் அதைக் கேட்பதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட்டபிறகு பயிற்சி. புல்லுக்குள் படுத்திருக்கிறோம். தலைவன் முக்கியமான உத்தரவு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சரியாக அந்த நேரத்தில் அப்பா இருமினார், என் மைக் திறந்துகொண்டது, உத்தரவு யார் காதிலும் முழுதாக விழவில்லை. பாதிப் பேர் எழுந்து நடந்தார்கள், பாதிப் பேர் படுத்தே இருந்தார்கள். எல்லோரும் செத்தோம்.

"எதிரிகிட்ட என்ன இருக்கோ தெரியாது. நம்மகிட்ட கேஜிஎஃப் பீரங்கி இருக்கு" என்றான் ஒருவன். அன்றிலிருந்து அந்த இருமலுக்கு அதுதான் பெயர். பீரங்கி. நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றிப் பின்னால் திரும்பினேன். "நைனா, மைக்குல போவுது. கொஞ்சம் வெளிய போய் இருமேன்" என்று கத்தினேன்.

அவர் எழுந்து வாசலில் போய் நின்று இருமினார், ஜன்னல் வழியாக அதுவும் மைக்கில் விழுந்தது. அவரைப் பொறுத்தவரை அது ஆபீஸ் வேலை. அதே மேஜை, அதே ஹெட்போன், அதே கணினி. நான் ஹெட்போனைக் கழற்றும்போதெல்லாம் "ஷிப்ட் முடிஞ்சிச்சாமா?" என்று கேட்பார். முடிந்தது என்பேன். முப்பத்தாறு வயதில் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் திருத்தவில்லை.

சில வாரம் போனது. ஒருநாள் பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு, தலைவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன், பாடம் எடுக்கப்போகிறான் என்று நினைத்தேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க பின்னாடி இருமறது யாருங்க?"

"எங்கப்பா. ஏன்?"

"நீங்க சேர்ந்த நாள்லருந்து கேட்டுட்டு இருக்கறனுங்க. முன்ன வறட்டு இருமலா இருந்துச்சு. இப்ப வேற மாதிரி இருக்குதுங்க. இருமி முடிச்சு மூச்சு இழுக்கறப்ப ஒரு சத்தம் வருது. டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டுங்களேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊர் பெயரைச் சொன்னாலே, அங்கே இன்னும் தங்கம் கிடைக்கிறதா என்று கேட்கிற ஆட்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள் நான். இவன் எங்கோ உட்கார்ந்துகொண்டு எங்கள் வீட்டு நெஞ்சைப் பரிசோதிக்கிறானே என்று தோன்றியது.

"தம்பி, இது கேஜிஎஃப். இங்க எல்லா வூட்லயும் இதே சத்தம்தான். உனக்கு மைக் கிளீனா இருக்கணும், அவ்ளோதான? புதுசு வாங்கிடறேன், வுடு."

"மைக்குக்காக சொல்லலீங்க அக்கா."

நான் லைனை வெட்டிவிட்டேன்.

சொன்னபடியே வாங்கினேன். நம் குரலை மட்டும் எடுத்து, சுற்றியிருக்கிற சத்தத்தை வடிகட்டிவிடுகிற ஹெட்செட். காதையும் நன்றாக மூடிக்கொள்ளும். கீபோர்டும் புதிது. அடுத்த பயிற்சியில் எல்லோரும் பாராட்டினார்கள். லைன் சுத்தமாக இருக்கிறதாம், பீரங்கி ஓய்வு பெற்றுவிட்டதாம். தலைவன் மட்டும் அதில் சேரவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பேச்சும் சரியாக வந்துவிட்டது. தேர்வு வைத்தார்கள், தேறினேன். இனி நான் புது ஆள் இல்லை, அடுத்த ஞாயிறு உண்மையான சண்டையில் இறங்கலாம் என்றார்கள்.

அந்த நாட்களில் அப்பா சாப்பாட்டைக் குறைத்திருந்தார். வயசாகிறது என்று நினைத்தேன். சட்டை தொளதொள என்று தொங்கியது. காலையில் துவைக்க எடுக்கும்போது பனியன் நனைந்திருக்கும். பனிக்காலத்தில் இப்படி வேர்க்குமா என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வீட்டுக்குள் இருமல் சத்தமே இல்லை. அதையும் நான் கவனிக்கவில்லை. இருந்தபோதே கேட்காதவளுக்கு, இல்லாதது எப்படித் தெரியும்?

அந்த ஞாயிறு மதியம் சண்டை ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி உள்ளே வந்தார். அவர் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. நான் கையைக் காட்டி, இருங்க என்றேன். என் கண் திரையை விட்டு நகரவில்லை. ஆன்ட்டி நேராக வந்து என் தலையிலிருந்து ஹெட்செட்டைப் பிடுங்கினார்.

"இன்னாடி இதை மாட்டிக்கினு குந்தினுகிற? உங்க நைனா பின்னாண்ட ரத்தமா துப்பிக்கினு இருக்கிறாரு."

பின்பக்கம் குளியலறைச் சுவரை ஒட்டி, ஒரு கவிழ்த்த பக்கெட்டின் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். வாயில் துண்டு. துண்டில் சிவப்பு. என்னைப் பார்த்ததும் துண்டை மடித்துப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"தினம் இங்கதாம்மா வந்து குந்திக்கிறாரு" என்றார் ஆன்ட்டி. "நீ மேசையாண்ட போனா இவரு எழுந்து இங்க வந்துடுவாரு. இன்னாத்துக்குன்னு கேட்டா சிரிக்கிறாரு."

"இன்னா நைனா இது?" என்றேன்.

"ஒண்ணும் இல்லமா. உன் லைன்ல சத்தம் போவுதில்ல. வேலைக்கு எதுனா கேடு வந்துடப் போவுதுன்னு." அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. இழுக்கும்போது ஒரு சத்தம். தலைவன் சொன்ன அதே சத்தம். அன்றைக்குத்தான் நான் அதை முதன்முதலாகக் கேட்டேன்.

ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டிபி. ஏற்கெனவே தூசியால் கெட்டுப்போன நுரையீரலில் அது வேகமாகப் பரவியிருந்தது. மருந்து கேட்கும், டிபி குணமாகிவிடும், ஆனால் போன நுரையீரல் போனதுதான் என்றார் டாக்டர். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் கன்னடத்தில் கேட்டார், இருமல் மாறியது வீட்டில் யாருக்குமே தெரியவில்லையா என்று.

தெரிந்த ஒருவன் திருப்பூரில் இருக்கிறான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நான் தலை குனிகிறவள் இல்லை. அன்றைக்குக் குனிந்தேன்.

வராந்தாவில் உட்கார்ந்து போனைப் பார்த்தபோது குழுவிலிருந்து செய்திகள் வந்திருந்தன. எங்கே போனேன், கரண்ட் போய்விட்டதா, என்னால் ஒரு பக்கம் காவலில்லாமல் போனது என்றெல்லாம். தலைவன் மட்டும் தனியாக அனுப்பியிருந்தான். "அக்கா, அப்பா நல்லா இருக்காருங்களா?" அவ்வளவுதான். நான் பாதியில் விட்டுப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உடனே போன் செய்தேன். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியும், அதுதான் என் தொழில். ஆனால் அன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க அக்கா. உங்க குரலைக் கேக்கத்தான் காதுல மாட்டியிருந்தேன். அவரு இருமறதும் கேட்டுச்சுங்க" என்றான்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மாத்திரை முடிந்துவிட்டது, கிருமி போய்விட்டது. ஆனால் சர்ச்சுக்கு நடந்து போகிறவர் இப்போது வாசல்படி தாண்டினாலே நின்று மூச்சு வாங்குகிறார். கட்டில் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிறது. கொஞ்சம் முன்னாலேயே கூட்டிப்போயிருந்தால் இந்த மெஷின் வந்திருக்காது. டாக்டர் இதை நேராகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும்.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். அந்த ஹெட்செட்டைக் காதில் மாட்ட முடியவில்லை. ஆபீஸ் வேலைக்குக்கூட ஒரு காதில் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்தது ஆபீஸ் வேலை இல்லை, விளையாட்டு, இதற்காகத்தான் உன்னை வெளியே அனுப்பினேன் என்று. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"கேமா?" என்றார். "அப்ப உன் வேலைக்கு ஒண்ணும் ஆவல இல்ல?"

இல்லை என்றேன். அப்பாடா என்று தலையணையில் சாய்ந்துகொண்டார்.

ஊரே இருமுகிறது, இதிலென்ன புதிது என்று சொல்லியே நாங்கள் எல்லோரும் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தில் என் அப்பாவை நானே வீட்டுக்குப் பின்னால் அனுப்பி உட்கார வைத்தேன் என்பதும், அங்கே அவர் என் வேலையை நினைத்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார் என்பதும், இனி நான் எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் மாறப்போவதில்லை.