நம்பர் தேர்ந்தெடுத்த திரை

அச்சகத்தில் அவரை எல்லோரும் 'நம்பர்' என்றே அழைத்தனர். முதலாளிக்கு அவர் நம்பர். எந்திரம் ஓட்டுபவர்களுக்கு நம்பரண்ணன். சம்பளப் பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே பலர் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்கள். நிறத் திருத்தப் பிரிவுக்கு அவர் தலைவர். அச்சில் காணும் நிறங்கள் அனைத்தும் நான்கு மைகளின் கலவை: சயான் என்னும் நீலம், மெஜந்தா என்னும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஒரு படத்தைக் கணினியில் திறந்து அதன் எந்த இடத்தில் சுட்டியை நிறுத்தினாலும், அங்கே எந்த மை எவ்வளவு என்பது ஓரத்தில் எண்களாகத் தெரியும். நம்பர் அந்த எண்களைப் படிப்பார். "கன்னத்துல மெஜந்தா நாலு ஏத்து, சயான் ரெண்டு இறக்கு" என்பார். படம் அழகாக இருக்கிறது என்றோ மங்கலாக இருக்கிறது என்றோ அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவர் கையொப்பமிட்டு அனுப்பிய வேலை எதுவும் நிறம் தவறியது என்று திரும்பி வந்ததும் இல்லை.

சிவப்பையும் பச்சையையும் அவரால் பிரித்தறிய முடியாது என்பதை அங்கே ஒருவரும் அறியார்.

அவரே அதை அறிந்தது இளவயதில், ரயில் ஓட்டுநர் வேலைக்கான மருத்துவச் சோதனையில். மருத்துவர் புள்ளிகள் நிறைந்த வட்டப் படங்களைக் காட்டி, உள்ளே என்ன தெரிகிறது என்று கேட்டார். அவருக்குப் புள்ளிகள் தெரிந்தன. பக்கங்களை வேகமாகப் புரட்டி முடித்த மருத்துவர், "அடுத்த ஆள வரச்சொல்லு" என்றார். வீட்டில் மார்பளவு போதவில்லை என்று சொல்லிச் சமாளித்தார். பிறகு அச்சகத்தில் அச்சுத் தகடு தயாரிக்கும் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கே கணினி வந்தபோது மற்றவர்கள் மிரண்டார்கள். இவருக்கோ வாழ்வு வந்தது. கண் தர மறுத்ததை எண்கள் தந்தன. வெயிலில் நிற்பவர் தோல், நிழலில் இருப்பவர் தோல், ஈரப் புல், பழைய செங்கல் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய கலவையை மனத்தில் ஏற்றிக்கொண்டார். சில ஆண்டுகளில் நிறப் பிரிவின் முதல் நாற்காலி அவருடையதாயிற்று. சாம்பல் சுவரும் கனத்த திரைச்சீலையும் கொண்ட அந்தச் சிறிய அறைக்குள் கதவைத் தட்டாமல் முதலாளிகூட நுழைவதில்லை.

இரகசியத்தைக் கண்டுபிடித்தவள் மனைவி. "பழுத்ததா பாத்து வாங்குங்கன்னா பச்சக் காயா அள்ளிட்டு வந்திருக்கீங்க!" என்று தக்காளிப் பையை அவர் முன்னால் கொட்டினாள். மூன்றாம் முறை அவ்வாறு நடந்தபோது அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெளியே சொல்வதில்லை என்றும் வாக்களித்தாள். பல ஆண்டுகள் அந்த வாக்கைக் காத்தாள். பின்னர் ஒரு விடுமுறை நாளில், பேச்சுவாக்கில், தன் தம்பியிடம் அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னாள்.

அந்தத் தம்பி அதே அச்சகத்தில், அதே அறையில், இரண்டாம் நாற்காலியில் இருந்தான். வேலை வாங்கிக் கொடுத்தவரே நம்பர்தான். அக்காள் கணவரைக் கேலி செய்ய மைத்துனனுக்கு உள்ள உரிமையை அவன் ஒரு நாளும் வீணாக்கியதில்லை. "மாமா இருக்கற வரைக்கும் எனக்கு இந்த ஸ்டூல்தான். சீக்கிரம் ஒரு வழி பண்ணுங்க மாமா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், நம்பரும் சிரிப்பார்.

அச்சகத்துக்கு ஓவியர் ஒருவரின் படைப்புகளைப் புத்தகமாக அச்சிடும் வேலை வந்தது. வாழ்நாள் ஓவியங்கள் அனைத்தும் ஒரே தொகுதி. ஒவ்வொரு படத்தையும் தாமே திரையில் பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் தகடு போடவேண்டும் என்று ஓவியர் நிபந்தனை விதித்தார். அறையிலிருந்த பழைய திரையில் தூரிகைத் தடங்கள் குழைந்தும் நிறங்கள் மங்கியும் தெரிந்தன. புதியது வாங்க முதலாளி இசைந்தார். தேர்வு செய்யும் பொறுப்பை நம்பரிடம் கொடுத்தார்.

நம்பர் அந்தப் பொறுப்பைத் தமக்குரிய முறையில் நிறைவேற்றினார். பெரிய திரை என்பது வேறு, நுணுக்கமான திரை என்பது வேறு என்று முதலாளிக்கு விளக்கினார். சுவரளவு திரை வாங்கினாலும் புள்ளிகள் குறைவாக இருந்தால் கோடு பல்லைக் காட்டும். ஆகவே நடுத்தர அளவில் ஃபோர்-கே நுணுக்கம் வேண்டும்; விளக்கொளி எதிரொளிக்காத மேற்பரப்பு வேண்டும்; அச்சு மைகள் தரும் நிறம் முழுவதையும் காட்டும் திறன் வேண்டும்; நடுவிலும் மூலையிலும் ஒரே வெளிச்சம் இருக்கவேண்டும். இவை அத்தனையும் தயாரிப்பாளர் தரும் குறிப்பிலேயே எண்களாக உள்ளன; பார்த்து ஒன்றைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

"குறிப்ப பாத்தா போதுமா முதலாளி?" என்று மைத்துனன் குறுக்கிட்டான். "கடைக்காரர ரெண்டு திரை கொண்டுவரச் சொல்லுவோம். பக்கத்துல பக்கத்துல வச்சு, ஓவியர் முன்னாடி மாமா கண்ணால பாத்துச் சொல்லட்டும். அவருக்கும் நம்ம மேல ஒரு நம்பிக்கை வரும்ல."

யோசனை முதலாளிக்குப் பிடித்துவிட்டது.

நம்பருக்கு இருந்த சங்கடம் இதுதான். கோப்பில் உள்ள மை எண்கள் எந்தத் திரையில் திறந்தாலும் மாறுவதில்லை. திரை அவற்றை உள்ளபடி காட்டுகிறதா என்பதைக் கண் சொல்லவேண்டும், அல்லது திரைமேல் தொங்கவிட்டு நிறத்தை அளக்கும் கருவி சொல்லவேண்டும். கருவி அச்சகத்தில் இருந்தது. திரைகள் வந்து இறங்கிய அன்று அலமாரியைத் திறந்தபோது அது அங்கே இல்லை.

"பக்கத்து அச்சகத்துல கேட்டாங்க, குடுத்துட்டேன் மாமா" என்றான் மைத்துனன்.

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"உங்க கண்ணு இருக்கும்போது கருவி எதுக்கு மாமா?"

ஓவியரும் முதலாளியும் வந்துவிட்டனர். கடைக்காரர் இரு திரைகளையும் மேசைமேல் வைத்து ஒரே கணினியில் இணைத்திருந்தார். ஒன்று சாதாரண நுணுக்கம், மற்றொன்று ஃபோர்-கே. இரண்டிலும் ஓவியர் தம்மைத் தாமே வரைந்துகொண்ட முகம். பக்கம் வடிவமைக்கும் பெண், எந்திரம் ஓட்டும் இருவர், கணக்கர் என்று அறை நிரம்பிவிட்டது. நல்ல திரையின் பொத்தான்களை மைத்துனன் முன்னதாகவே தொட்டு, சிவப்பைக் குறைத்து வைத்திருந்தான். கடைக்காரருக்கும் அது தெரியும். 'சும்மா ஒரு தமாஷ்' என்று அவரிடம் சொல்லப்பட்டிருந்தது.

"கருவி வரட்டும் முதலாளி, நாளைக்குப் பாத்துச் சொல்றேன்" என்றார் நம்பர்.

"நாளைக்கு எனக்கு நேரமில்ல" என்றார் ஓவியர்.

நம்பர் இரு திரைகளையும் நெருங்கிப் பார்த்தார். ஃபோர்-கே திரையில் புருவத்து மயிர் ஒவ்வொன்றும் தனித்து நின்றது. ஓவியத் துணியின் நெசவு சாயத்துக்கு அடியில் தெரிந்தது. நிழலுக்குள் இருந்த கோடுகள்கூடப் பிசகவில்லை. ஐயமே இல்லை. "இதுதான்" என்று கைகாட்டினார்.



"நுணுக்கம் சரி மாமா. நிறம்?" என்றான் மைத்துனன்.

நுணுக்கத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் தப்பியிருக்கலாம். ஆனால் நிறப் பிரிவின் தலைவர் நிறத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருக்க முடியாது. "நிறமும் இதுலதான் சரியா இருக்கு. தோல் அப்படியே உயிரோட இருக்கு."

ஓவியர் திரையைப் பார்த்தார். பிறகு நம்பரைப் பார்த்தார். "உயிரோடயா? நான் செத்து ஒரு வாரம் ஆன மாதிரி பச்சையா கெடக்கேன்யா!"

அறை வெடித்துச் சிரித்தது. மைத்துனன் காத்திருந்தது அதற்குத்தான். "முதலாளி, இத்தனை நாள் மூடி வச்சது போதும். மாமாவுக்குச் செவப்பு பச்சை தெரியாது. அக்காவே சொன்னாங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க." மேசையிலிருந்த பேனாவை உயர்த்திப் பிடித்தான். "மாமா, இது என்ன நிறம்?"

"விடு மச்சான்" என்றார் நம்பர்.

"சொல்லுங்க மாமா, பயப்படாதீங்க!"

"செவப்பு."

"அட, சரியா சொல்லிட்டாரே!" என்று கைதட்டினார்கள். விளையாட்டு சூடு பிடித்தது. வடிவமைக்கும் பெண் தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். கணக்கர் கோப்பு ஒன்றை நீட்டினார். எந்திரம் ஓட்டுபவன் மை படிந்த விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "நம்பரண்ணே, இது எந்த மை?" என்றான். சொன்னவை சில பொருந்தின, சில பொருந்தவில்லை. தவறிய ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு வாசல் வரை கேட்டது. பேசாமல் இருந்தாலும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் சிரிப்பை நிறுத்தியவர் முதலாளி.

"இவ்வளவு வருஷம் வாடிக்கையாளருக்கு நான் என்னத்தய்யா காட்டிட்டிருந்தேன்?"

"ஒரு வேலைகூடத் திரும்பி வந்ததில்லையே முதலாளி."

"அதான்யா பயமா இருக்கு."

நிறக்குருடர் கைபட்ட படம் தம் புத்தகத்தில் வேண்டாம் என்றார் ஓவியர். மைத்துனன் பொத்தான்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தான். பச்சை முகத்தில் இரத்தம் ஏறியது. நம்பர் கைகாட்டிய திரையையே வாங்கினார்கள். தேர்வில் குறை ஏதும் இல்லை.

வீட்டில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அவன்கிட்ட ஏன் சொன்ன?"

"சிரிக்கத்தாங்க சொன்னேன்."

"அவனும் சிரிக்கத்தான் வச்சான்."

"என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல. ஏதோ விளையாட்டுக்கு..." என்று தொடங்கிய மனைவி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

முதல் நாற்காலி மைத்துனனுக்குப் போயிற்று. நம்பர் கட்டுப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். "அங்கயும் எண்ற வேலதான், உமக்குப் பிடிக்கும்" என்றார் முதலாளி. வெட்டிய தாள்களை அடுக்கி, எண்ணி, பிளாஸ்டிக் பட்டை இழுத்துக் கட்டும் இடம் அது. குழல் விளக்குக்குக் கீழே காகிதத் தூசு ஓயாமல் மிதந்துகொண்டிருக்கும்.

மைத்துனனின் கண்ணில் பழுதில்லை. ஆனால் ஒளியால் ஆன திரையில் இனிக்கும் நிறம் தாளில் மையாக இறங்கும்போது சேறாகும் என்பது அவனுக்குக் கைவரவில்லை. முதல் சோதனைத் தாள்கள் அழுக்காக வந்தன. அவன் கட்டுப் பிரிவுக்கு உள்தொலைபேசியில் பேசினான். "மாமா, நிழல்ல இருக்கற கைக்கு எவ்வளவு?" நம்பர் சொன்னார். அடுத்த தாள் தெளிந்து வந்தது. அதன்பின் நாள்தோறும் அழைப்பு வந்தது. பட்டையை இழுத்தபடியே அவர் எண்களைச் சொல்லுவார். பக்கங்கள் ஒவ்வொன்றாக ஒப்புதல் பெற்றன. ஓவியர் மைத்துனனின் தோளைத் தட்டி, "கண்ணுன்னா இதுய்யா கண்ணு" என்றார்.

முதலாளி கவனிக்காமல் இல்லை. ஒருநாள் கட்டுப் பிரிவின் வாசலில் நின்று, "புத்தகம் முடியட்டும். ரெண்டாவது நாற்காலியில வந்து உக்காரும். கண்ணு அவனுது, கணக்கு உம்முது. போதும்ல?" என்றார். தலையாட்டிய நம்பர் அன்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார். இரண்டாம் நாற்காலியானாலும் அதே அறை, அதே எண்கள்.

கடைசிப் பகுதி ஓவியங்களின் வேலை நடந்துகொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. எதிர்முனையில் பலர் இருக்கும் இரைச்சல், ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள். ஓவியர் தம் நண்பர்களை அழைத்து வந்திருந்தார்.

"மாமா, எல்லாரும் கேக்கறாங்க. மொதல்ல இதச் சொல்லுங்க. நான் இன்னிக்கு என்ன நிறச் சட்ட?"

சிரிப்பு.

"வேலையச் சொல்லு" என்றார் நம்பர்.

"சட்டையச் சொன்னாத்தான் வேல!"

மீண்டும் சிரிப்பு. அதற்குள் முதலாளியின் சிரிப்பும் இருந்தது. நம்பருக்கு அது நன்றாக அடையாளம் தெரிந்தது.

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க. அடுப்புப் பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்திருக்கா. தீ வெளிச்சம் முகத்துல விழுது. எவ்வளவு?"

அந்தக் கலவை அவருக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியது. அவர் சயானையும் மெஜந்தாவையும் இடம் மாற்றினார். "சயான் நாப்பது. மெஜந்தா பதினெட்டு. மஞ்சள் அம்பது."

விசைகள் தட்டும் ஓசை. தாள் அச்சாகும் வரை தெரியாது என்பது அவர் எண்ணம். பழைய திரையாக இருந்தால் அது உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

"மாமா, மூஞ்சி பாசி புடிச்ச மாதிரி வருதே. சரியாத்தான் சொல்றீங்களா?"

திருத்திக்கொள்ள அப்போதும் இடமிருந்தது. "சொன்னது சரிதான். போடு" என்றார்.

"இந்தத் திரையில பளிச்சுனு தெரியுது மாமா, பச்சை. இருங்க, நானே பாக்கறேன்." மைத்துனன் கண்ணால் பார்த்தபடியே மெஜந்தாவை ஏற்றினான், சயானை இறக்கினான், அருகிலிருந்தவர்கள் 'இன்னும், இன்னும், நிறுத்து' என்று சொல்லிக்கொடுத்தனர். முகம் சரியாகிவிட்டது என்பது அவர்களது குரலிலேயே தெரிந்தது. அவன் அதுவரை கேட்டுப் பெற்ற எண்கள் அவனுக்குப் பழகியும் போயிருந்தன.

பிறகு முதலாளியின் குரல் கேட்டது. அது நம்பரிடம் பேசவில்லை. "கண்ணுதான் இல்லன்னு நெனச்சேன். கணக்கும் போயிடுச்சா? இனிமே அவரக் கூப்புடாதீங்கப்பா. பாவம்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

புத்தகம் குறித்த நாளில் வெளிவந்தது. இரண்டாம் நாற்காலியை வடிவமைக்கும் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அந்த வார இறுதியில் மைத்துனன் அக்காள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். நல்ல மனநிலையில் இருந்தான், கேலிகூடச் செய்யவில்லை.

"ஒரே ஒரு நம்பர்ல கோட்ட விட்டுட்டீங்களே மாமா. இல்லன்னா முதலாளி உங்கள உள்ள கொண்டுவந்திருப்பாரு."

நம்பர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "வேணும்னுதான் தப்பா சொன்னேன்."

மைத்துனன் அக்காளைப் பார்த்தான். அக்காள் தம்பியைப் பார்த்தாள். இம்முறை இருவரும் சிரிக்கவில்லை.

"சரி மாமா" என்றான் அவன், குழந்தையிடம் பேசுவதுபோல. "வேணும்னுதான் சொன்னீங்க. எனக்குத் தெரியாதா?"

"நெசமாத்தான்டா சொல்றேன். சயானையும் மெஜந்தாவையும் மாத்திச் சொன்னேன்."

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதாங்க. அதுக்குப் போயி ஏன் மனசப் போட்டுக் கொழப்பிக்கிறீங்க?" என்ற மனைவி, அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாம்."