ஏர் எடுத்த கதை

எங்கள் டிராக்டரைப் பார்க்க வந்த முதல் ஆள் என் மாமா, அம்மாவின் தம்பி. முன்னால் நின்று பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், குனிந்து அடியிலும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

“ஏன் மாப்ளே, இதோட அம்மா எங்க? பால் குடிக்கற வயசாட்ட இருக்குது, அதுக்குள்ள பிரிச்சுக் கொண்டாந்துட்டயே?”

வண்டி வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. போட்ட மாலை வாடவில்லை. டயரில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் விதை ஒட்டிக்கொண்டிருந்தது. பந்தலுக்கு வந்தவர்கள் மாதிரி சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேரும் சிரித்தார்கள். எங்கப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாமாவிடம் இருப்பது பெரிய டிராக்டர். எங்கள் மூன்று ஏக்கர் காட்டுக்கும் வருடா வருடம் அவர்தான் உழவு ஓட்டுவார். ஆனால் வரிசையில் நாங்கள் கடைசி. அக்கா வீடுதானே, கோபித்துக்கொண்டு எங்கே போய்விடப் போகிறார்கள் என்ற தைரியம். மழை பெய்த மறுநாள் காலையில் நான் போய் அவர் வீட்டுக் கேட்டில் நிற்பேன். நாய் என்னைப் பார்த்துக் குரைப்பதைக்கூட விட்டுவிட்டது. “நாளைக்கு வாரேன் போ” என்பார். எங்கள் செம்மண் காட்டில் ஈரம் மூன்று நாள் நிற்கும். அதற்குள் கடலைக்காய் விதைத்தால் முளைக்கும். போன வருடம் அவர் நாலாம் நாள் வந்தார். முளைத்தது பாதி. சொட்டை விழுந்த தலை மாதிரி இருந்த காட்டை எங்கப்பா தினமும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, வந்து படுத்துக்கொள்வார்.

அதனால் அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் சொன்னேன். “சிரிங்க மாமா. ஆனா இனிமேல் உழவுக்குன்னு உங்க கேட்டுல வந்து நிக்க மாட்டனுங்க.”

“பாக்கலாம் மாப்ளே” என்றார் மாமா. அந்தப் ‘பாக்கலாம்’ பல நாள் என் காதிலேயே இருந்தது.

நான் என்னைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்துக் காலேஜ் வரைக்கும் போனவன் நான் ஒருவன்தான். படித்தது தமிழ் இலக்கியம். ஆனால் எங்கள் வீட்டில் படித்தவன் என்றால் எல்லாம் படித்தவன் என்று அர்த்தம். மாத்திரை அட்டை, கரண்ட் பில், மாட்டுக்கு ஊசி போட்டால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டு, எல்லாம் என்னிடம்தான் வரும். நானும் ‘தெரியாது’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்தச் சொல்லைக் காலேஜில் சொல்லிக் கொடுக்கவில்லை.

டிராக்டர் வாங்கும்போதும் அப்படித்தான். சின்ன வண்டி போதும் என்று எங்கப்பாவிடம் மூன்று பக்கம் எழுதி வாசித்தேன். டீசல் குறைவாகக் குடிக்கும், வரப்போரத்தில் சுலபமாகத் திரும்பும், மரவள்ளிக் குச்சிக்கிழங்கு வரிசைக்குள் போய்க் களையெடுக்கும், நமக்கு இருப்பதே லேசான வேலைதான். எங்கப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினேன். “படி, படி” என்றார். “செரி, நீ படிச்சவன், சொல்றே. வாங்கிக்கலாம். எனக்கு ஒண்ணேதான். மழ பேஞ்சா மூணு நாளுக்குள்ள பருப்பு மண்ணுக்குள்ள போயிரோணும்.”

வாங்கினோம். அதோடு ஒரு புத்தகமும் கொடுத்தார்கள், இங்கிலீஷில். அதை நான் பரீட்சைக்குப் படித்த மாதிரி படித்தேன். தினமும் காலையில் ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்ப்பேன். ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பேன். கிரீஸ் அடிப்பேன். ஏர் கிளீனரைக் கழற்றித் தூசி தட்டுவேன். அம்மா மாட்டுக் கட்டுத்தரையிலிருந்து பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: “ஏஞ்சாமி, எனக்கு ஒருவாரம் காச்சல் அடிச்சுதே, இப்படி ஒருநாளாச்சும் வந்து நெத்தியத் தொட்டுப் பாத்தயா?”

ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி நல்ல மழை பிடித்தது. விடிந்ததும் எங்கப்பா ஐந்து பெண்களுக்கு நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். விதைக் கடலையை முன்பே உடைத்துப் பருப்பாக்கி வைத்திருந்தோம். உடைத்த பருப்பை ரொம்ப நாள் வைக்க முடியாது. ஆக, எல்லாம் நாளைக்குத்தான்.

நான் அன்று சாயங்காலம் சும்மா இருந்திருக்கலாம். புத்தகத்தை எடுத்தேன். இத்தனை மணி நேரம் ஓடினால் டீசல் ஃபில்டரை மாற்று என்று போட்டிருந்தது. மீட்டரைப் பார்த்தால் அந்தக் கணக்கு வந்துவிட்டிருந்தது. பெரிய வேலைக்கு முன்னால் வண்டியைச் சுத்தமாக வைக்கவேண்டும் அல்லவா? நானே மாற்றினேன். மாற்றியபின் ‘ப்ளீட்’ செய்யவும் என்று அடுத்த வரி. ப்ளீட் என்றால் எனக்குத் தெரிந்தது ரத்தம் வடிவதுதான். டீசல் எங்கேயாவது வடிகிறதா பார் என்கிறான் போல என்று டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்தேன். ஒரு சொட்டு வடியவில்லை. திருப்தியாகப் போய்ச் சாப்பிட்டேன்.

காலையில் வண்டி ஒரே தட்டில் எழுந்தது. காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னால் அஞ்சு கொத்துக் கலப்பை மாட்டியிருந்தோம். பேருக்குத்தான் கலப்பை, டிராக்டருக்குப் பின்னால் எதை மாட்டினாலும் எங்கள் வீட்டில் அது ஏர்தான். நான் ஓட்ட, பெண்கள் மடியில் பருப்போடு, கலப்பை கீறிய சாலில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்கள். முதல் சால் பாதிகூடப் போகவில்லை. வண்டி இரண்டு முறை இருமியது. மூன்றாவது இருமலில் நின்றது.

சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது, இஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடியும். மறுபடியும்.

“போதும் தம்பி, அதுக்கு வலிக்கப் போவுது” என்றது ஒரு அக்கா. எல்லோரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எங்கப்பா மண்ணை ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்த்தார். உருண்டை பிடித்தது. ஆனால் அவர் அதைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

எடப்பாடியில் ஒரு மெக்கானிக் அண்ணனின் நம்பர் என்னிடம் இருந்தது. போன் போட்டேன். அங்கே பின்னால் ஏதோ வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தபோதே நின்றுவிட்டது என்று கத்திச் சொன்னேன்.

“ஏர் புடிச்சிருக்குமுங்க தம்பி. ஒண்ணுமில்ல. ஏரை எடுத்துட்டு அடிங்க, கப்புனு எந்திரிச்சுக்கும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கப்பாவிடம் விளக்கினேன். “ஏர் மண்ணுல புடிச்சுக்கிச்சுங்கப்பா. லோடு தாங்காம நின்னிருக்குது. கழட்டிட்டா ஸ்டார்ட் ஆயிரும்.”

“அதாஞ் செரி” என்றார் எங்கப்பா. “ஈரத்துல ஆழமாப் போயிருக்கும். நாஞ் சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

ஈர மண்ணுக்குள் புதைந்து நிற்கும் கலப்பையைக் கழற்றுவது லேசில்லை. இஞ்சின் ஓடினால்தானே லிஃப்ட் தூக்கும். கடப்பாரை போட்டு நெம்பினோம். கலப்பையை வண்டியோடு பிடித்துவைத்திருந்த லாக்கு பின்களைத் தட்டி உருவினேன். எங்கப்பா, நான், இரண்டு அக்காக்கள் சேர்ந்து அதை இழுத்துக்கொண்டு போய் வரப்பில் சாய்த்தோம். முழங்கால் வரைக்கும் ஈரமண் அப்பியது. ஒரு மணி நேரம் போய்விட்டது. மேல்மண் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

செல்ஃப் அடித்தேன். கிழட்டு ஆடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மறுபடியும் போன்.

“அண்ணா, ஏர் எடுத்துட்டேங்க. அப்பவும் ஆவுல.”

“முழுசா எடுத்தீங்களா? கொஞ்சம் நின்னாக்கூட எந்திரிக்காதுங்க.”

“முழுசாத்தானுங்க. எடுத்து வரப்பு மேல வெச்சிருக்குது.”

அங்கே உறுமிய வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் கேட்டார். “எதைங்க தம்பி வரப்பு மேல வெச்சீங்க?”

“ஏரைத்தானுங்க.”

அதற்கப்புறம் அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு அங்கே யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. நாலைந்து பேர் சிரித்ததும் கேட்டது. திரும்பி வந்து ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “தம்பி, ஏருன்னா காத்துங்க. டீசல் பைப்புக்குள்ள காத்து பூந்திருக்குது. ஃபில்டர் கிட்டர் மாத்துனீங்களா?”

மாத்தினேன் என்றேன். ப்ளீட் என்றால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது என்று அப்போதுதான் புரிந்தது. இங்கிலீஷில் ஒரு சொல் தெரியாமல் வண்டியை நிறுத்தினேன், தமிழில் ஒரு சொல் அதிகமாகத் தெரிந்து கலப்பையைக் கழற்றினேன்.

அவர் சொன்னபடி ஃபில்டர் தலையிலிருந்த போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பம்பின் கை நெம்புகோலைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருந்தேன். சோப்பு நுரை மாதிரி டீசல் குமிழ் குமிழாக வந்தது. குமிழ் நின்று டீசல் மட்டும் வந்ததும் போல்ட்டை முடுக்கினேன். பேட்டரியில் மிச்சமிருந்த உயிரை வைத்து ஒரு தட்டு. வண்டி எழுந்தது. அக்காக்கள் குலவை போட்டார்கள். மரியாதைக்காகப் போட்டதில்லை அது.

கலப்பையை மறுபடி மாட்டினோம். ஒரு லாக்கு பின்னைக் காணோம். மண்ணில் வைத்த இடத்தை ஏழு பேர் மிதித்திருந்தோம். கையால் துழாவினோம். கிடைக்கவில்லை. கம்பியை முறுக்கிக் கட்டிப் பார்த்தேன், பத்தடியில் அறுந்தது. எடப்பாடிக்குப் போய் வாங்கிவர மத்தியானம் ஆகிவிடும்.

எங்கப்பா என்னைப் பார்க்கவில்லை. மறுபடி மேல்மண்ணில் ஒரு பிடி எடுத்து அமுக்கினார். இப்போது அது உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தது.

வண்டியை ஓடவிட்டுவிட்டே போனேன், நிறுத்தினால் பேட்டரி கைவிடும். மாமா வீட்டுக் கேட்டில் போய் நின்றேன். நாய் வந்து பழைய ஆளைப் பார்த்த மாதிரி வாலாட்டியது.

மாமா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “வா மாப்ளே. என்ன, குட்டி எந்திரிக்க மாட்டேங்குதா?”

“உழவுக்கு வருலீங்க மாமா. ஒரு லாக்கு பின்னு வேணும்.”

“பின்னு எங்க போச்சு?”

“ஏரைக் கழட்டறப்போ தொலஞ்சிருச்சுங்க.”

“நட்டநடுக் காட்டுல ஏரை எதுக்குக் கழட்டுனே?”

ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. பொய் சொல்லவும் நேரமில்லை. சொன்னேன். மாமாவுக்கு இட்லி புரையேறி, அத்தை வந்து தலையில் தட்டவேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், டூல் பாக்ஸிலிருந்து ஒரு பின்னைத் தேடி என் கையில் வைத்தார். “வெரசாப் போ. ஈரம் காயறதுக்கு முன்னால முடி” என்றார். போன வருடம் இந்த ‘வெரசா’ எங்கே போயிருந்தது என்று கேட்க நினைத்தேன். பின் கையில் இருந்ததால் கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் மூன்று ஏக்கரும் முடிந்தது. எட்டாம் நாள் காடு முழுக்கப் பச்சை. எங்கப்பா சொட்டையைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தார். வண்டி நின்ற இடத்தில் மட்டும் மூன்றடி காலியாக இருந்தது. அன்று மத்தியானம் அவர் படுக்கவில்லை. டீக்கடைக்குப் போய் இந்தக் கதையை அவரே எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்தார். இப்போது ஊரில் எங்கே வண்டி நின்றாலும், “ஏரெடுக்கறவரைக் கூப்பிடுங்க” என்கிறார்கள்.

அறுவடை அன்று அதே அக்காக்கள்தான் செடி பிடுங்கினார்கள். அந்த மூன்றடிக்குப் பக்கத்துச் செடியை உதறிய ஒரு அக்கா, காய்களுக்கு நடுவிலிருந்து துருப்பிடித்த பின் ஒன்றைப் பிடுங்கி உயர்த்திக் காட்டியது.

“தம்பி, இங்க வாங்க, உங்க ஏரு காச்சிருக்குது!”

அதைத் துடைத்துக் கலப்பையில் போட்டுவிட்டேன். மாமாவின் பின் எங்கள் வீட்டு ஜன்னலில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவேண்டும். அதற்கு அந்தக் கேட்டில் போய் நிற்கவேண்டும். உழவுக்காக நிற்க மாட்டேன் என்றுதானே சொன்னேன் என்று தினமும் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் போகவில்லை.