பால்காரருக்குப் போட்ட மாலை

பாராட்டு விழா என்று யாராவது அழைப்பிதழை நீட்டினால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். போவதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் வயிறு சரியில்லை என்பேன். அது பொய்யும் இல்லை.

அப்போது நான் பினாங்கு டவுனில் ஒரு கண்டிராக்டரிடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். மலைக்கு அந்தப் புறம் இருக்கிற பாலிக் புலாவில் வருஷா வருஷம் நடக்கிற கால்நடைக் கண்காட்சிக்கு அவர்தான் தலைவர். அதனால் அதன் எழுத்து வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. மாட்டுக்கு முன்புறம் எது, பின்புறம் எது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. தலைவருக்கு அதுவும் தெரியாது. ஆனால் ஒரு வடக்கத்திக் காளை வைத்திருந்தார்.

கண்காட்சியை உண்மையில் தாங்கியவர் அந்தப் பக்கத்தில் மூன்று பசு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர். சம்பளம் கிம்பளம் எதுவும் கிடையாது. பதினேழு வருஷமாக வாசலில் நின்று, உள்ளே வருகிற ஒவ்வொரு மாட்டின் மூக்கையும் பிடித்து, வாயைத் திறந்து, நாக்கை வெளியே இழுத்துப் பார்ப்பார். கொப்புளம் இருந்தால் கோமாரி, எச்சில் பட்டாலே ஒட்டிக்கொள்கிற நோய். யார் வீட்டு மாடானாலும் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். சாயங்காலம் ஓடையில் இறங்கி உடம்பெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்துக் குளிப்பார். கட்டியிருந்த வேட்டியைக் கரையிலேயே விட்டுவிட்டு, மனைவி கொண்டுவரும் வேறு வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் தன் கொட்டிலுக்குள் கால் வைப்பார். ஊரார் மாட்டு நோய் தன் பசுக்களுக்கு வந்துவிட்டால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த மனிதருக்குப் பாராட்டு என்று தலைவர் அறிவித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இரவல் வார்த்தைகளையெல்லாம் வாரிப் போட்டு நற்சான்று எழுதினேன். மாலைப் பட்டியலும் நானே எழுதினேன், தலைவர் சொல்லச் சொல்ல. விழாவுக்கு வருகிற வெள்ளைக்காரத் துரைக்கு ஒன்று, துரைசானிக்கு ஒன்று, முதல் பரிசு வாங்கப்போகிற காளைக்கு ஒன்று. எந்தக் காளை என்று கேட்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. பாராட்டப்படுகிறவருக்கு மாலை வேண்டும் என்பது தலைவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. என்ன பிறவிகளோ நாங்கள்.

விழாவைக் காலையில், மாடுகள் உள்ளே வருகிற நேரத்தில் வைத்தார்கள். வாசலை விட்டுவிட்டு எப்படி வருவது, சாயங்காலம் வைத்துக்கொள்ளலாமே என்று பால்காரர் கெஞ்சிப் பார்த்தார். துரைக்குக் காலையில்தான் நேரம் என்றார் தலைவர். யாருடையதோ கோட்டை மாட்டிவிட்டு அவரைப் பந்தலுக்குள் உட்கார வைத்தார்கள். வாசலில் ஒரு பியூன் நின்றான். மாட்டைக் கண்டால் இரண்டு அடி பின்னால் போகிற பியூன்.

தலைவரின் காளை லோரியில் வந்து இறங்கியது. அதன் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தரை வரைக்கும் தொங்கியது. முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. எனக்கே சுருக்கென்றது. தலைவரிடம் போய்ச் சொன்னேன். மலை ரோட்டில் வந்த காளைக்கு நுரை தள்ளாதா, உன் காகிதத்தைப் பார் என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பால்காரரை ஏன் காலையில் பந்தலுக்குள் உட்கார வைத்தார்கள் என்று.

பந்தலுக்குப் பின்புறம் வைத்தே காளைக்கு மாலை போட்டு, துரையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எடுத்த கையோடு காளையை லோரியில் ஏற்றச் சொன்னார் தலைவர். அடுத்து மேடையில் பால்காரர் முறை. மாலை எங்கே என்று துரை சுற்றிலும் பார்த்தார். தலைவர் என் காதருகே குனிந்து, "காளையோடதக் கழட்டிட்டு வாப்பா, சீக்கிரம்" என்றார்.

கழற்றினேன். இந்தக் கையால்தான். மாலையின் அடிப்பக்கம் கோழையில் ஊறி வழவழவென்று இருந்தது. கைக்குட்டையால் துடைத்து, பன்னீரை இரண்டு தரம் தெளித்து, மேடைக்குக் கொண்டுபோனேன். துரை அதைப் பால்காரர் கழுத்தில் போட்டார். ஜனங்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், த்தூ.

கீழே இறங்கி வந்தவருக்குக் கண் கலங்கியிருந்தது. மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் தம்பி என் கழுத்துல மாலை விழுது. இதத் தூக்கிப் போட மனசு வராது. செவலை கன்னு போட்டிருக்கா, அவளுக்கே தின்னக் குடுத்துருவேன்."

தலைவர் நாலு முழத்தில் நின்றுகொண்டிருந்தார். சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். வேறு வேலையும் கிடைத்திருக்கும். "நல்லதுண்ணே" என்றேன்.

அவர் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாலையை மாடுகள் பக்கமே கொண்டுபோகாமல் தள்ளி ஒரு மரக்கிளையில் மாட்டிவைத்தார். பிறகு காலையில் பார்க்காமல் விட்ட வாய்களையெல்லாம் பொழுது சாய்கிறவரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வழக்கம்போல் ஓடையில் குளித்தார். வழக்கம்போல் வேட்டி மாற்றினார். மாலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, நற்சான்றுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கொண்டுபோய்க் கொடு என்று தலைவர் என்னை அனுப்பினார். கன்று செத்து மூன்று நாள் ஆகியிருந்தது. செவலை எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தது. வாயெல்லாம் புண். மற்ற இரண்டும் தீனி எடுக்கவில்லை. மூன்றுக்கும் பால் அடியோடு நின்றுபோயிருந்தது. அவருடைய மனைவி கொட்டிலுக்குள் கஞ்சித் தண்ணீரை மூங்கில் குழாயால் ஊட்டிக்கொண்டிருந்தார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. பால்காரர் வெளியே பத்தடி தள்ளி நின்றார். மனைவி அவரை உள்ளே விடுவதில்லையாம், மாட்டைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

"பதினேழு வருஷமா வராதது இந்த வருஷம் என் கையோட வந்துருச்சு தம்பி. மேடை, மாலைன்னு மனசு எங்கேயோ இருந்துச்சு. சரியாக் கழுவல போலருக்கு."

கைகளை என் முன்னால் நீட்டினார். தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"நீ படிச்சவன். சொல்லு. கழுவினாப் போகாதா இது?"

சட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அங்கே தலைவர் இல்லை, யாருமே இல்லை.

"சில சமயம் போகாதுண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு கொட்டில் பக்கம் திரும்பி, மனைவிக்குக் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்.

"நீ சொன்னது சரிதான். கிராணியும் என் கைதான்னு சொல்றாரு."