கருணாகரன் போட்ட இடம்

கருணாகரன் குடும்பத்தோடு வெளியே கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலேயே என் நிம்மதி போய்விடும். போகிற இடம் ஒன்றும் ஆபத்தானதில்லை. மயிலாப்பூர் தெப்பக்குளத்தைச் சுற்றி வருவோம். சாந்தோம் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் குடில் பார்ப்போம். அடையாறு ஆலமரத்தின் விழுதுகளுக்குள் புகுந்து வெளியே வருவோம். எல்லாம் காசில்லாமல் முடிகிற காரியங்கள். ஆனால் கருணாகரனுக்கு ஒரே பயம், நாம் போய்ச் சேருவதற்குள் இடம் போய்விடும் என்று.

"இன்னா டீச்சர், இன்னும் தலை வாரிகினு கீறீங்க? அங்க இடம் பூடும்!" என்று என் கதவைத் தட்டுவான்.

தெப்பக்குளத்தில் இடம் எங்கேயப்பா போகும் என்று கேட்டால் முறைப்பான். ராயப்பேட்டையில் அவனுக்கு அடுத்த போர்ஷனில் நான் தனியாகக் குடியிருந்தேன். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை. அவன் மனைவி தேவகிக்கு என்மேல் பிரியம், அவர்கள் பெண் வர்ஷினிக்கு நான்தான் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பேன். அதனால் அவர்களோடு சேர்ந்து நானும் இழுபட்டேன்.

மௌன்ட் ரோட்டில் ஒரு பழைய ஆறுமாடிக் கட்டடத்தில் அவன் லிஃப்ட் ஆபரேட்டர். காலையிலிருந்து மாலைவரை இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே எங்கேயும் போகாத உத்தியோகம். காற்று வராது, வானம் தெரியாது. நம் ஊரில் ஜனங்கள் வேர்க்காமல் நடமாடக்கூடிய மாதங்கள் மார்கழியும் தையும்தான். அந்த இரண்டு மாதத்து ஞாயிறுகளில் ஒன்றைக்கூட அவன் வீட்டுக்குள் கழிக்கமாட்டான். அதில் நான் குறை சொல்லமாட்டேன்.

இடத்தைப் பற்றிய அவன் பயத்துக்குக் காரணம் அவன் வளர்ந்த வீடு. அதே ராயப்பேட்டையில், இரண்டு தெரு தள்ளி, ஒரே அறைக்குள் அத்தனை அண்ணன் தம்பிகள். ராத்திரி முதலில் பாய் விரிக்கிறவனுக்குச் சுவரோரம். கடைசியில் வருகிறவன் மாடிப்படியில் உட்கார்ந்தபடி தூங்கவேண்டும். வீட்டிலேயே சின்னவன் கருணாகரன். சாப்பாட்டுக்கும் அவன் தட்டு கடைசியில்தான் நிறையும், நிறைந்தால். பந்திக்கு முந்து என்பது நமக்கெல்லாம் பழமொழி, அவனுக்கு அது உயிர்.

ஆகவே எங்கே போனாலும் முதலில் "இடம் போட்டு" ஆகவேண்டும். ஒரு நீலப் படுக்கை விரிப்பும் வர்ஷினியும் அவன் ஆயுதங்கள். விரிப்பை விரித்து நடுவில் எட்டு வயதுப் பெண்ணை உட்காரவைத்து, "ஆளு வந்துகினு கீறாங்கன்னு சொல்லு, எழுந்திருக்காத" என்பான். அவளும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, கிட்டே வருகிறவர்களை எல்லாம் முறைப்பாள். அப்பனைக் கொண்டு பிறந்தவள்.

ஒரு டிசம்பரில் தியாகராய நகரில் ஒரு சபாவுக்கு எங்களைக் கூட்டிப்போனான். மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, யாரும் உள்ளே போகலாம். கருணாகரனுக்கு ராகமும் தெரியாது தாளமும் தெரியாது. மெத்தை வைத்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யாரோ தனக்காகப் பாடுவதுபோல் கேட்பதில் அவனுக்கு ஒரு ராஜபோகம். அன்றைக்கு முன்வரிசையை ஒட்டி நாலு நாற்காலி பிடித்து, வர்ஷினியைக் காவல் வைத்துவிட்டு, வாசலில் எங்களுக்காக நின்றான். அந்தச் சமயத்தில் ஒரு பட்டுப்புடவை மாமி குழந்தையிடம் குனிந்து, "உங்கப்பா கேன்டீன் வாசல்ல நின்னுண்டு உன்னைக் கூப்பிடறார்டி, ஓடு" என்றிருக்கிறாள். குழந்தை ஓடியது. திரும்பி வந்தபோது நாலு நாற்காலியிலும் மாமியின் பரிவாரம் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

சுவரோரம் நின்றபடியே கச்சேரி கேட்டோம். வர்ஷினி விசும்பிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கருணாகரன் அவளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"இத பாரு, இனிமே யாரு கூப்ட்டாலும் போகாத. அப்பா கூப்டறாருன்னு சொன்னாலும் போகாத. உம் பேரைச் சொன்னாலும் போகாத. நானே வந்து கையப் புடிச்சி எழுப்பினாத்தான் எழுந்திருக்கணும். இன்னா?"

"சரிப்பா."

"இன்னா சரி? திருப்பிச் சொல்லு."

அவள் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு கேட்டேன்.

தொண்ணூற்று நாலில் காணும் பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மெரினாவுக்கு ஊரே திரண்டு வரும், செங்கல்பட்டுப் பக்கமிருந்தெல்லாம் லாரி லாரியாக ஜனம் வந்து இறங்கும். கருணாகரன் முதல் நாளே தூங்கவில்லை என்று தேவகி சொன்னாள். மதியம் வெயில் தாழ்வதற்கு முன்பே விரிப்பையும் வர்ஷினியையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். நானும் தேவகியும் புளிசோறு கட்டிக்கொண்டு பின்னால் வரவேண்டும், உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில் அவன் வந்து எங்களை அழைத்துப்போவான் என்று ஏற்பாடு.

சிலையண்டை அவன் நின்றுகொண்டிருந்தான். தனியாக.

"கொயந்த எங்க?" என்றாள் தேவகி.

"இடத்துல கீறா. சூப்பர் இடம் தேவகி, தண்ணியும் தெரியுது, ராட்டினமும் பக்கத்துல. ஒரு பாய் வூட்டு அம்மா ஒக்காந்துகினு கீது, பாத்துக்கச் சொல்லிட்டு வந்தேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கு மூளை இருக்கா கருணாகரா? இந்தக் கூட்டத்தில் பெண்குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு வருவாயா?"

"ஆளு இல்லாம வந்தா இடம் பூடுமே டீச்சர்" என்றான். அவனுக்கு அது முழுசான பதிலாகத்தான் பட்டது.

எள் போட்டால் எள் விழாத கூட்டம். கரும்பும் கையுமாக வருகிறவர்கள், பலூன்காரர்கள், தோளில் பிள்ளைகள். அவன் முன்னால் நீந்திப் போனான், நாங்கள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனோம். ராட்டினம் தெரிந்தது, கையால் சுற்றுகிற சின்ன மர ராட்டினம். கருணாகரன் அதன் பக்கத்தில் போய் நின்றான். வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான். நீல விரிப்பு இல்லை. அங்கே வேறு ஒரு குடும்பம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"இங்க ஒரு பொண்ணு... நீல துணி..." என்று அவர்களைக் கேட்டான். அவர்கள் வெகுநேரமாக அங்கே இருப்பதாகவும் எந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை என்றும் சொன்னார்கள்.

ராட்டினக்காரன்தான் சொன்னான். "நா இப்பத்தான் இங்க வந்தேன் நைனா. போலீஸ்காரங்க நகத்து நகத்துன்னு ரெண்டு தபா தள்ள உட்டாங்க."

"மொதல்ல எங்க கீந்த?"

அவன் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கையை வீசினான். "அங்கதான் எங்கியோ. இந்தக் கும்பல்ல இன்னான்னு சொல்றது?"

சக்கரம் வைத்த ராட்டினத்தை அடையாளம் வைத்துவிட்டு வந்திருக்கிறான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்! ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபிறகு எனக்குத் திட்ட வாய் வரவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

தேடினோம். நீலமாகத் தெரிந்த ஒவ்வொரு துணிக்கும் ஓடினோம். எல்லாக் குழந்தைகளும் அன்றைக்குப் புதுப்பாவாடைதான் கட்டியிருந்தன, எல்லாத் தலையிலும் கனகாம்பரம்தான் இருந்தது. தேவகி ஒவ்வொரு பெண்ணின் தோளையும் தொட்டுத் திருப்பினாள். திரும்பிய முகம் வேறாக இருக்கும்போது அவள் கை ஒரு கணம் அந்தத் தோளிலேயே நிற்கும். கடல் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தண்ணீரோரம் திடீரென்று கூச்சல் கிளம்பியது. ஜனங்கள் ஓடினார்கள். யாரையோ தூக்கிவருகிறார்கள் என்று ஒருவன் கத்திக்கொண்டு போனான். கருணாகரன் நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"டீச்சர், நீங்க போய்ப் பாருங்க. என்னால முடியாது டீச்சர்."

நான் போனேன். அந்தக் கொஞ்ச தூரத்தை எப்படி நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஆட்களை விலக்கி எட்டிப்பார்த்தேன். மீசை அரும்பின ஒரு பையன் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தான். உயிர் இருந்தது. நம் குழந்தை இல்லை என்று மனசு குதித்தது. அடுத்த நிமிஷமே அந்தப் பையனின் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள், எனக்கு வெட்கமாக இருந்தது.

போலீஸ் பந்தலுக்குப் போகலாம் என்று இருவரையும் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே காணாமல்போன பிள்ளைகள் ஒரு பெஞ்சில் பிஸ்கட்டும் கண்ணீருமாக உட்கார்ந்திருந்தார்கள். வர்ஷினி இல்லை. ஒரு ஏட்டு பெயரைக் கேட்டு ஒலிபெருக்கியில் சொன்னார். "ராயப்பேட்டை வர்ஷினி, பச்சைப் பாவாடை, வயது எட்டு. உன் அப்பா அம்மா இங்கே காத்திருக்கிறார்கள். உடனே போலீஸ் பந்தலுக்கு வரவும்."

கடற்கரை முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டியிருந்தார்கள். அந்தக் குரல் எட்டாத இடமே கிடையாது. ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு குழந்தையாக யார் கையையாவது பிடித்துக்கொண்டு வந்தது. பெற்றவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள், சிலர் ஒரு அறையும் கொடுத்துக் கூட்டிப்போனார்கள். பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. ஏட்டு எங்களுக்காகத் திரும்பத் திரும்ப அழைத்தார். வர்ஷினி வரவில்லை. பின்னால் பல்கலைக்கழக மணிக்கூண்டுப் பக்கம் வெயில் இறங்கிவிட்டது.

"காது கேக்குற பொண்ணுதானே?" என்று ஏட்டு தேவகியிடம் கேட்டார்.

தேவகி கருணாகரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அவ வரமாட்டா. கேட்டுகினுதான் கீறா, வரமாட்டா. நீதான சொன்ன? யாரு கூப்ட்டாலும் போகாத, பேரைச் சொன்னாலும் போகாதன்னு. நீதான திருப்பிச் சொல்ல வெச்ச?"

கருணாகரன் அவளை விழித்துப் பார்த்தான். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பை நினைத்துக்கொண்டேன். சட்டென்று அவன் எழுந்துபோய் மைக்கைப் பிடித்தான்.

"யோவ், அதெல்லாம் தொடக்கூடாதுய்யா!"

"சார், எங் கொரலு கேட்டாத்தான் சார் வருவா. உங்க கால்ல உயுறேன் சார்."

ஏட்டு ஒரு கணம் யோசித்தார். அவரும் பிள்ளை பெற்றவராக இருக்கவேண்டும், கையை எடுத்துக்கொண்டார்.

"வர்ஷினி" என்றான். கரகரவென்று அவன் குரல் கடற்கரை முழுக்கப் போனது. "அப்பா பேசறேம்மா. நெஜமா அப்பாதான். இடம் வேணாம்மா... எழுந்து வந்துரு. யாரு கேட்டாலும் குட்த்துட்டு வந்துரு. அந்த இடம் வேணாம் கண்ணு, நீ வந்தா போதும், நீ..."

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. கேவல்தான் வந்தது. ஆண்பிள்ளை அழுகிற சத்தம், அத்தனை குழாயிலும். பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஏட்டு மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டார்.

எனக்குள் வேறொரு பயம் எழுந்தது. இடத்தை விட்டுவிட்டு வா என்றால், ஏமாற்றுகிறவர்களும் அதைத்தானே சொல்வார்கள்? அவள் கெட்டிக்காரி, இதையும் நம்பமாட்டாள். அதைத் தேவகியிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். விளக்குகள் எரியத் தொடங்கின.

கறுப்பு பர்தா போட்ட ஒரு அம்மாள் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அவள் கையில் வர்ஷினி. தேவகி போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த அம்மாளின் பெயர் ஜைதூன் பீ. கருணாகரன் ஒப்படைத்துவிட்டு வந்தது இவளிடம்தான். மூச்சு வாங்கச் சொன்னாள்: "மைக்குல பேரு சொல்றாங்களே, நீதானேம்மான்னு எத்தினி தடவ கேட்டேன்! நான் இல்ல, எம் பேரு அது இல்லன்னு சாதிக்குது. விட்டுட்டுப் போகவும் மனசு வரல. எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் கெளம்பிட்டாங்க, நான் மட்டும் இதுகூட ஒக்காந்திருந்தேன்."

தேவகி அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கருணாகரன் மண்டியிட்டு வர்ஷினியைத் தலையிலிருந்து கால்வரை தடவித் தடவிப் பார்த்தான். அவள் உதடு வறண்டு போயிருந்தது. முகத்தில் அழுத தடம் இல்லை, கோபம்தான் இருந்தது.

"ரெண்டு பேர் சண்ட போட்டாங்கப்பா, நா உடல. இப்ப இடம் பூட்ச்சி."

"போனாப் போவுது கண்ணு. அப்பா மைக்குல கூப்ட்டேன்ல, அத்தக் கேட்டுத்தான வந்த?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"கூப்ட்டதுக்கு வரல. யாரோ ஏமாத்தறாங்கன்னுதான் நெனச்சேன்" என்றாள். பிறகு அவன் கன்னத்தைப் புறங்கையால் துடைத்தாள். "நீ அழுதியே, அதான் வந்தேன்."